இடப்பக்க இருக்கையின் கீழே ஒரு வாளி

காரை வாங்கிய முதல் வாரத்திலேயே எந்த அறையில் எது இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். மேல் டேஷ்போட்டில் இன்சூரன்ஸ் கடதாசியும் புகைச் சான்றிதழும். கீழ் டேஷ்போட்டில் டோர்ச்சும் கண்ணாடி துடைக்கிற துணியும். கதவுப் பையில் குடை. கூரையில் இருந்த சின்ன மூடிக்குள் என் மூக்குக் கண்ணாடி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒரு பொருள் அதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் யார் மேலாவது போய் விழும். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் என்பதால் அது எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானில் சில வருடங்கள் ஓடிவிட்டு இலங்கைக்கு வந்த சின்னக் கார் அது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதல் கார். கதவில் ஒரு கீறல், பின்னால் ஒரு நெளிவு, ஆனாலும் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதை அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். அம்மா நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். ரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்காக மாதம் ஒருமுறை நுவரெலியாவுக்குக் கிளினிக் போக வேண்டும். எங்கள் அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து நானுஓயா வழியாக இன்னொரு பஸ். போய்விட்டு வந்தால் இரண்டு நாள் படுத்துவிடுவார்.

காரில் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது இடப்பக்க இருக்கைக்கு அடியில் இருந்த வாளி. உண்மையிலேயே வாளிதான். இருக்கையின் அடிப்பலகையை முன்பக்கமாகத் தூக்கினால் கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளி வெளியே வரும். ஜப்பான்காரர்கள் அதில் என்ன வைப்பார்களோ தெரியாது.

"இது யாருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஒங்களுக்குத்தான். ஒங்க சாமானெல்லாம் இதுல வச்சிக்குங்க. நான் தொறக்க மாட்டேன்."

ஏதோ ஒரு பெருந்தன்மையில் அப்படிச் சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்து அறையில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு பெட்டியும் ஒரு துணிக்கொடியும்தான். அம்மாவுக்கென்று ஒரு அலமாரித் தட்டுக்கூட இருந்ததில்லை. கிளினிக் கொப்பி, மருந்துப் பை, வெற்றிலை டப்பா, ஒரு பழைய சால்வை எல்லாம் வாளிக்குள் போயின. நானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

மாசி மாதக் கிளினிக்கில் அம்மாவின் எடை நாற்பத்தொரு கிலோ. தைப்பொங்கல் சமயத்தில் இருந்ததைவிட இரண்டு கிலோ குறைவு. டாக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் இளம் வயதுப் பெண், சிங்களவர், நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். எடை இப்படிக் குறைவது நல்லதில்லை, நாற்பதுக்குக் கீழே போனால் வார்டில் சேர்த்து எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும், தாமதித்தால் ஆபத்து என்றார். அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த நாற்பதைப் பற்றித்தான் பயம். முட்டை அவித்துக் கொடுத்தேன், கௌப்பி அவித்துக் கொடுத்தேன், சாப்பிடச் சொல்லி அதட்டினேன். பங்குனியில் எடை நாற்பத்தொன்று. சித்திரையில் நாற்பதரை. வைகாசியில் மறுபடியும் நாற்பத்தொன்று. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அம்மா இருமிக்கொண்டிருந்தார்தான், ஆனால் எங்கள் பக்கத்துக் குளிரில் இருமாதவர் யார்? ஜாக்கெட் தோளில் தொங்கியது, ஆனால் அதற்கு மேல் எப்போதும் ஸ்வெட்டரும் சால்வையும் இருந்தன. அதோடு, கொப்பியில் நம்பர் எழுதியிருக்கிறது. கணக்கு டீச்சர் நம்பரைத்தானே நம்புவாள்.

இனி அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காரின் திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்வாள். அம்மா "சரிம்மா" என்பார். கூட வந்த புத்தகமும் ஜப்பான் மொழிதான் என்பதால் விளக்குகளைப் படம் பார்த்து நானே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். பெட்ரோல் படம், எண்ணெய்ப் படம், பெல்ட் படம். ரேடியோவுக்கு மேலே மஞ்சளாக ஒன்று: ஓர் ஆள், அவருக்கு முன்னால் ஓர் உருண்டை, குறுக்கே ஒரு கோடு. இடப்பக்க இருக்கை காலியாக இருந்தால் எரியும். பெரியவர்கள் உட்கார்ந்தால் அணைந்துவிடும். அக்கா மகள் லீவுக்கு வந்து அதில் உட்கார்ந்தபோது அணையவில்லை. அப்போதுதான் புரிந்தது: பாரம் குறைவாக இருந்தால், சின்னப் பிள்ளை என்று நினைத்து, மோதினால் விரிகிற காற்றுப் பையைக் கார் நிறுத்திவைக்கிறது. கெட்டிக்காரக் கார் என்று சந்தோஷப்பட்டேன்.

வைகாசிக் கிளினிக் முடிந்து திரும்பும்போது நானுஓயா தாண்டியதும்தான் பார்த்தேன். அம்மா உட்கார்ந்திருக்கிறார், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

"ஏம்மா நுனியில தொத்திக்கிட்டு இருக்கீங்க? நல்லாச் சாஞ்சி உக்காருங்க."

அம்மா சாய்ந்து உட்கார்ந்தார். விளக்கு அணையவில்லை.

"சீட்டுல எதையாச்சும் சிந்துனீங்களா?"

"இல்லியே."

வீடு வரை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். ஆனி மாதம் போகும்போது விளக்கு ஒழுங்காக அணைந்திருந்தது. திரும்பும்போது மறுபடியும் எரிந்தது. போகும்போது நன்றாக இருக்கிற சாமான் வரும்போது எப்படிப் பழுதாகும்? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை தலவாக்கலையில் வயரிங் வேலை செய்கிற ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன்.

அவர் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. இறங்கினார். எரிந்தது. நாலு தடவை ஏறி இறங்கினார்.

"லைட்டுல பிழ இல்லீங்க டீச்சர். யாரு உக்காந்தப்ப எரிஞ்சிச்சி?"

"அம்மா."

"அம்மா எத்தன கிலோ இருப்பாங்க?"

"நாப்பதர. போன வாரந்தான் கிளினிக்ல நிறுத்தாங்க."

"நாப்பதுன்னா அணையணுமே. எதுக்கும் அடியில வயரப் பாத்துருவோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கையின் அடிப்பலகையைத் தூக்கி வாளியை இழுத்தார். அது லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். "என்னங்க டீச்சர், கல்லா வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

கல்தான். சால்வைக்கு அடியில் படங்குத் துணியில் தைத்த ஒரு நீளப் பை இருந்தது. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் சேலை நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற அந்தத் தடித்த துணிதான் படங்கு. அம்மாவின் பழைய படங்கு எனக்கு நன்றாகத் தெரியும். அதை வெட்டி, சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து, ஒவ்வொரு அறையிலும் ஆற்றுக்கல் போட்டு, இடுப்பில் கட்ட இரண்டு பக்கமும் நைலோன் கயிறு வைத்திருந்தது. தையல் ஒரே சீராக இருந்தது.

கையில் தூக்கிப் பார்த்த அந்த நிமிடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போகும்போது கல் அம்மாவின் இடுப்பில், சேலைக்குள். அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. நிறுத்து முடிந்ததும் நான் மருந்து வாங்கும் வரிசையில் நிற்பேன். கால் வலிக்கிறது என்று அம்மா சாவியை வாங்கிக்கொண்டு காருக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கல் வாளியில். கொப்பியை ஏமாற்றிய அம்மாவுக்கு, இருக்கையும் தன்னை நிறுத்துப் பார்க்கும் என்று தெரியாது.

வயரிங்காரர் என் முகத்தைப் பார்த்தார். வாளியைத் திரும்ப வைத்து இருக்கையை மூடினார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பையை அடுப்பங்கரையில் அம்மாவின் முன்னால் போட்டேன். அம்மா அதைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுப்பைக் குறைத்தார்.

"தொறக்க மாட்டேன்னு சொன்ன."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தீங்களேம்மா! ஒங்களுக்கு என்ன ஆகுதுன்னு தெரியாம நான் முட்டை அவிச்சிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். நீங்க செத்துப்போனா நான் என்ன செய்வேன்?"

கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. அம்மா கத்தவில்லை.

"நாப்பது வருசமா என் கொழுந்துல தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ, சாக்குக்குன்னு ஒரு கிலோ வெட்டிக்கிட்டே இருந்தாங்க. யாராச்சும் கேட்டீங்களா? நான் அஞ்சு கிலோ கூட்டிப் போட்டதுக்கு இந்தக் கத்துக் கத்துற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரிப்பு வந்ததே என்று என் மேலேயே கோபம் வந்தது, அதோடு அழுகையும் வந்தது. கொழுந்து மடுவத்தில், சாக்கைத் தராசில் தொங்கவிடும் இடத்தில், ஈரக் கொழுந்தை அடியில் அமுக்கி வைத்து நம்பரைக் கூட்டுவது அம்மாவின் தலைமுறைக்குக் கைவந்த வேலை. நிறையை எழுதுகிற கணக்கப்பிள்ளை வெட்டுவார் என்று தெரிந்தே கூட்டி வைப்பார்கள். தராசு என்றால் எதிராளி என்றுதான் அம்மா படித்திருந்தார். அது தனக்காக நிற்கிற தராசாகவும் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, மகளான நானும் சொல்லவில்லை.

"நாப்பதரயும் நாப்பத்தொண்ணுமா எதுக்கு மாத்தி மாத்தி?" என்று கேட்டேன்.

"ஒரே நம்பரா வந்தா சந்தேகப்படுவாங்க இல்ல."

பிறகு அரிசியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒங்கப்பா நடந்துதான்டி வார்டுக்குப் போனாரு. எப்படி வந்தாருன்னு நீயுந்தான் பாத்த."

அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அம்மா நின்ற நிலை எனக்கு மறக்கவில்லை. "நான் கூட இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன். அம்மா அரிசியை உலையில் போட்டார். மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறினார். முப்பத்தைந்து. வார்டில் சேர்த்தார்கள். படம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: நுரையீரலில் காசநோய். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மருந்துக் குளிசை குடித்தால் முற்றாகக் குணமாகும். இன்னும் இரண்டு மூன்று மாதம் விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். குணமாகும் என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் என் காதில் ஏறவில்லை.

டாக்டர் தன் கொப்பியை விரித்தார். கிளினிக்கில் எழுதிய எடைகள் இனி உதவாது என்று அவருக்குத் தெரியும். நான்தான் கல் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "மாசிக்குப் பிறகு எவ்வளவு எவ்வளவு குறைஞ்சது? கொஞ்சமாவது தெரியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். கட்டிலில் இருந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"பங்குனியில முப்பத்தொம்பதரங்க" என்றார் அம்மா. "சித்திர பொறந்தப்ப முப்பத்தெட்டு. வைகாசியில முப்பத்தேழு. ஆனியில முப்பத்தஞ்சரை."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "யார் நிறுத்தது?"

"மடுவத்துலங்க. தரையில வைக்கிற தராசு ஒண்ணு இருக்கு. நெறுக்கிற பொண்ணுக்கிட்டக் கேட்டு ஏறிப் பாப்பேன். எம்புட்டுக் கல்லு போடணும்னு தெரியணுமில்லீங்களா?"

டாக்டர் அவ்வளவையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்.

மாதா மாதம் தனியாக மடுவத்துக்கு நடந்துபோய், தராசில் ஏறி, தன்னில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து, அதே அளவுக்குக் கல் பொறுக்கித் தைத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த மாதங்களில் ஒரு நாள்கூட, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, "சாப்ட்டியா?" என்று கேட்காமல் அவர் இருந்ததில்லை. நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். திருப்பி ஒரு நாளும் கேட்டதில்லை.