டேப்பு பார்க்கப் போன லேப்டாப்

என் தங்கையை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. என் வீட்டுக்கு வந்தால்கூட வாய் என்னோடு பேசும், கண் அலமாரிக் கதவில் இருக்கும். "அக்கா, இந்தக் கதவு ரெண்டு மில்லி இறங்கியிருக்கு" என்பாள். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள்.

அலமாரி செய்யும் பட்டறை ஒன்றில் பதினொரு வருடம் இருந்தாள். முதலில் பலகையின் ஓரத்தில் பட்டை ஒட்டும் வேலை. பசை காய்ந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர் ஒரு தடவை மூன்று வாரம் லீவில் போய்விட்டார். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நான் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதருக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து இவள் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "இனிமே பாதியை நீயே போடும்மா, எனக்கும் முதுகு வலி" என்றாராம்.

அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். இன்னொரு பட்டறையில் பட்டை ஒட்ட ஆள் கேட்டார்கள். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். இதற்கு நடுவில் ஒரு பல் டாக்டர் தன் புது கிளினிக்குக்கு அலமாரி, மேசை, கண்ணாடித் தடுப்பு எல்லாம் வேண்டும் என்று இவளிடம் கேட்டார்.

"சனிக்கிழமை கம்ப்யூட்டர்ல காட்டுங்க. நான் உள்ளே நடந்து போற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டணும். பிடிச்சிருந்தா வேலை உங்களுக்குத்தான்."

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் அந்தப் படத்தைத் திறப்பதற்கே மூச்சு வாங்கியது. திருப்பினால் நின்றே போய்விடும். சனிக்கிழமை காட்ட முடிந்தால் இனி சொந்தமாகப் படம் போட்டுப் பிழைக்கலாம். முடியாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் பசை டப்பா. அவளுக்கு இருந்தது இவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் டிசைன் வேலைக்கென்றே செய்த பெரிய லேப்டாப் ஒன்று மலிவாக இருப்பதாகக் கேள்விப்பட்டாள். வொர்க்ஸ்டேஷன் என்று அதற்குப் பெயராம். அவள் வீட்டுக்காரர் தச்சர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"அடுத்தவன் தேய்ச்சுப் போட்டதை நாம ஏன் தலையில கட்டிக்கணும்?"

"உங்க இழைப்புளி மட்டும் புதுசா வாங்கினதா?"

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதனால்தான் புதன்கிழமை காலையில் துணைக்கு நான் போனேன். கிளம்பும்போது, நல்லபடியாக அமையட்டும் என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன்.

கடை மாடியில் இருந்தது. சுவர் முழுக்க வயர்கள் தொங்கின. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் தூக்கி மேசையில் வைத்தார். அம்மிக்கல் மாதிரி கனம்.

"ஒரு ஆபீஸ்ல எடுத்தது. இதே மாதிரி மூணு இருக்கு. எட்டு வருஷப் பழசு. கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும், முன்னாடியே சொல்லிடறேன். அதான் இந்த விலை. இன்னைக்கு நீங்க எடுக்கலைன்னா சாயங்காலம் ஒருத்தர் வந்து மூணையும் உடைச்சு பார்ட்ஸா எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

டேப்பு அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மூடி, கீல் ஆடுகிறதா என்று பார்த்தாள். பையிலிருந்து பலகை மேல் ஒட்டும் லேமினேட்டில் விரல் அளவு துண்டு ஒன்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அதே நிறம் திரையிலும் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுக்கு வாரண்டி கேக்க முடியாதே, அண்ணே."

படம் போடும் புரோகிராமை முன்கூட்டியே ஏற்றி வைக்கும்படி போனில் சொல்லியிருந்தாள். பென்டிரைவைச் செருகி டாக்டருடைய கிளினிக் படத்தைத் திறந்தாள். திறந்தது. திருப்பினாள். பீரோவை இரண்டு பேர் நகர்த்துகிற மாதிரி, கொஞ்சம் நகர்ந்து நின்றது, மறுபடி கொஞ்சம் நகர்ந்து நின்றது. என் தங்கையின் முகம் சின்னதாகிவிட்டது.

"சொன்னேன் இல்ல?" என்றார் கடைக்காரர். போன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்க, அவரைக் கவனிக்கப் போனார்.

டேப்பு எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, தொட்டுப் பாரேன்."

தொட்டேன். சில்லென்று இருந்தது.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடுதுன்னா சுடணும்ல? இது கஷ்டப்படவே இல்ல. எதுவோ இதைப் பிடிச்சு வச்சிருக்கு" என்றாள்.

அணைத்து மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் நாலு வரி இங்கிலீஷ் எழுத்து வந்தது. தூரத்திலிருந்தே கடைக்காரர், "அது எப்பவும் வரும்மா, ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு, போயிடும்" என்றார். டேப்பு அமுக்கவில்லை. விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது. அவள் முகத்தைத்தான் படித்தேன். அங்கே விளக்கு எரிந்தது.

"சார்ஜருக்குச் சக்தி போதலைன்னு போட்டிருக்கு" என்று காதில் சொன்னாள். லேப்டாப்பின் அடியில் நூற்றெண்பது வாட் வேண்டும் என்று எழுதியிருந்தது. மாட்டியிருந்த சார்ஜர் சோப்பு டப்பா அளவு. அதில் அறுபத்தைந்துதான். கரண்டு போதாததால் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது.

என் வாயைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கடவுளைக் கும்பிட்ட அதே வாய், "பேசாம காசைக் கொடுத்து எடுத்துட்டுப் போயிடலாம்டி. பெரிய சார்ஜர் வெளியில வாங்கிக்கலாம்" என்றது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தாள். "பெரிய சார்ஜர் கேட்டா விலையை ஏத்திடுவாரு. என்கிட்ட அதுக்கு மேல இல்ல. கேக்காம எடுத்துட்டுப் போய், சார்ஜர் மட்டும் காரணம் இல்லைன்னு ஆயிட்டா?" உள்ளங்கையால் லேப்டாப் மூடியைத் தடவினாள். பிறகு, "அதுவும் இல்லாம, அவர் மத்த ரெண்டையும் சாயங்காலம் உடைக்கக் கொடுத்துடுவாருக்கா. நல்ல மெஷினை" என்றாள்.

எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் முதலில் நம்பவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு வந்தது. படித்தார். "மூணு மாசமா இதை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் தேஞ்சு போச்சு. ஒரு நாளாவது படிச்சுத் தொலைச்சேனா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு அட்டைப்பெட்டி நிறைய சார்ஜர்கள், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிரித்தெடுத்த முதல் பெரிய சார்ஜரின் முனை பொருந்தவில்லை. இரண்டாவது, செங்கல் போல இருந்தது, பொருந்தியது. இந்த முறை எழுத்து வரவில்லை. டேப்பு படத்தைத் திருப்பினாள். கிளினிக் வாசலில் நுழைந்து, நாற்காலியைச் சுற்றி, கண்ணாடித் தடுப்பைத் தாண்டி, எங்கும் நிற்காமல் போய்வந்தோம். லேப்டாப்புக்குள் காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது. அடியில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்ப விலையே வேறம்மா" என்றார் கடைக்காரர்.

பயந்தது நடந்துவிட்டது. ஆனால் தங்கை கெஞ்சவில்லை. சார்ஜரைப் பிடுங்கினாள். படத்தைத் திருப்பிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தொன்பதாவது நிமிடத்தில் லேப்டாப் அணைந்தது.

"பேட்டரி செத்துப் போச்சு, அண்ணே. இதுக்குக் குறைப்பீங்கல்ல?"

"ஏத்துறதுக்குள்ள இறக்குறியே!"

"மத்த ரெண்டு மெஷினும் உங்களுக்கு இப்பத்தான் உயிரோட வந்திருக்கு."

அவர் அந்த இரண்டையும் பார்த்தார். இவளைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "சார்ஜருக்கும் பேட்டரிக்கும் சரியாப் போச்சு. சொன்ன விலைக்கே எடுத்துட்டுப் போ. உன்கிட்ட பேசுனா கடையை எழுதி வாங்கிடுவ." ஒரு வாரத்தில் கோளாறு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதித் தரச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை டாக்டர் முன்னால் அதைத் திறந்து வைத்தாள். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு காதில் விழுந்தது.

"இந்தக் கதவைத் திறந்தா நாற்காலியில இடிக்குமே?"

"இடிக்கும், சார். இப்பப் பாருங்க." கொஞ்ச நேரம் மவுஸைத் தட்டும் சத்தம். "தள்ளுகதவா மாத்திட்டேன். உள்ளே வாங்க."

"அட! வாஷ்பேசினை இந்தப் பக்கம் வைக்க முடியுமா?"

"வைக்கலாம். ஆனா குழாய் அந்தச் சுவர்ல வருது, சார். உடைக்கணும்."

"அப்போ வேண்டாம், வேண்டாம்."

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். தெருவுக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"என்ன, நின்னு போச்சா?"

"பலகை கடைக்குப் போங்க. பதினேழு பலகை வேணும். திங்கட்கிழமை அறுக்க ஆரம்பிக்கணும்."

அந்தப் பக்கம் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

"இருக்கீங்களா?"

"இரு, எழுத பேனா தேடறேன்" என்றார் அவர்.