தலைவர் திறக்க வேண்டிய வீடு

எழுபதுகளின் கடைசியில் நான் குரும்பகரத்தில் வாத்தியாராக இருந்தேன். என் எதிர்வீட்டுக்காரர் நிலத்தில் பாதியை விற்றுக் கட்டிய வீடு ஊருக்கே வேடிக்கை. தூண்களில் கட்சிக் கொடியின் நிறம், ஜன்னல் கம்பிகளில் கட்சிச் சின்னம், மொட்டைமாடிச் சுவரில் சிமெண்டால் செய்த தலைவர் முகம். ஏதோ ஒரு மாநாட்டில் தலைவர் அவரிடம், "நானே வந்து திறக்கிறேன்" என்று சொல்லியிருந்தாராம். அதனால் வீட்டைப் பூட்டிவிட்டு, பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகையில் மனைவியோடு குடியிருந்தார்.

ஒல்லியான மனிதர். ரோட்டில் கார் சத்தம் கேட்டால் போதும், கட்சிக் கரை போட்ட துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார். கார் போன பிறகுதான் உட்காருவார்.

சில வருஷங்களில் சிமெண்டு முகத்தின் மூக்கு உதிர்ந்தது. ஒரு ஐப்பசி அடைமழையில் அவர் மனைவி இறந்துபோனார். கொட்டகை ஒழுகி, அந்த அம்மாவின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"நனையுறாங்களே, வீட்டுக்குள்ள கொண்டுபோய்க் கெடத்தலாங்க" என்றேன்.

"தலைவரு காலடி எடுத்து வைக்க வேண்டிய வீடு சார். சாவு மொதல்ல நுழையலாமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தலைவர் இனி வரப்போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ரோட்டில் ஒரு கார் சத்தம் கேட்டது. மனைவியின் தலைமாட்டிலிருந்து எழுந்து, அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.