குஞ்சம் கட்டிய தகடு

செய்தி வந்தபோது நான் கடைசிப் பீரியடில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். வெளியே மழை வருவதுபோல் இருட்டியிருந்தது. பள்ளி ஆபீசில் வேலை செய்யும் ஆயாம்மா வகுப்பு வாசலில் நின்று டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஆனாலும் தூங்கியதற்குத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கேட்டில் பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார். "சித்தப்பா வண்டி கண்ணமங்கலம் தாண்டி மரத்துல மோதிக்கிச்சி பாப்பா" என்றார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். எங்கள் தெருமுனையில் சைக்கிள் திரும்பியபோது எந்த வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

என் சித்தப்பா ஏகாம்பரம் அவர்களின் படத்திறப்பு நாளைக் காலை. அதில் படிக்க நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அப்பா. "நல்லா எழுதுமா. எப்படிப் போனாருன்றத மட்டும் எழுதாத" என்றார். அப்படியே ஒன்று எழுதி அவரிடம் காட்டினேன். அப்பா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பீரோ மேல் வைத்தார். இது வேறு. எல்லோரும் தூங்கிய பிறகு, அம்மாவின் மொபைல் வெளிச்சத்தில், போர்வைக்குள் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

சித்தப்பாவைத் தெரியாதவர்களும் நாளை வருவார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் முள்ளிப்பட்டு வீடுகளில் நெய்த புடவைகளை அப்பா வாங்குவார். அவற்றை வேலூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சித்தப்பாவின் வேலை. நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது எங்களிடம் கார் கிடையாது. சித்தப்பா பஸ்ஸில்தான் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். ஒரே ஒரு சீட்டுதான் காலியாக இருந்தது. வெள்ளைத் துணியில் கட்டிய புடவை மூட்டையை அதில் வைத்தார், மூட்டையின் ஓரத்தில் என்னை உட்கார வைத்தார். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலூர் வரை நின்றே வந்தார். கண்டக்டர் கிண்டல் செய்தார். அதற்குச் சித்தப்பா, "அது கல்யாணப் பொண்ணுங்க. நிக்க வெச்சிக் கூட்டினு போவ முடியுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனேன். புதுப் பட்டின் வாசனை கனவுக்குள்ளும் வந்தது.

அதுதான் சித்தப்பா. பத்திரம் என்று ஒன்று இருந்தால் அதை முதலில் மூட்டைக்குக் கொடுப்பார், பிறகு எனக்கு. தனக்கு மீதி இருக்கிறதா என்று பார்க்கமாட்டார்.

நான் எட்டாம் வகுப்புக்கு வந்த வருஷம் கார் வந்தது. சென்னையில் ஒருவர் கொஞ்ச நாள் ஓட்டிய வண்டி. வெள்ளிநிறம். அதை வாசலில் நிறுத்தி மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, சித்தப்பா முன்சீட்டில் புடவை மூட்டையை வைத்து வண்டியைக் கிளப்பினார். உடனே உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங். அவர் தன் பெல்ட்டை மாட்டிய பிறகும் நிற்கவில்லை. எல்லோரும் பயந்துபோனோம். வண்டியில் ஏதோ கோளாறு என்றார் அப்பா. மூட்டையின் கனத்தைப் பார்த்து, சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டது என்று பிறகுதான் புரிந்தது. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பட்டுக்கு உயிர் இருக்குதுன்னு இதுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு" என்று மூட்டைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

ஆரம்பத்தில் அந்த மணியை அவருக்குப் பிடித்திருந்தது. அடிக்கத் தொடங்கியதும், "வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே தன் பெல்ட்டை மாட்டுவார். பின்சீட்டில் படுத்திருப்பேன். ஜன்னலில் புளியமரங்கள் தலைகீழாக ஓடும். வெயிலும் நிழலும் என் முகத்தின் மேல் மாறி மாறி விழும். மணி நிற்பதும் நான் தூங்குவதும் ஒன்றாக நடக்கும்.

மூட்டை இல்லாத நாளில் முன்சீட்டு எனக்கு. என் பெல்ட்டை அவரே மாட்டிவிடுவார். அப்படியும் பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய இடதுகை தானாக நீண்டு என் மார்புக்குக் குறுக்கே வந்து நிற்கும். அந்தக் கையில் கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடமும், சந்தன வாசனையும் இருக்கும்.

பிறகு ஒருநாள் அந்தச் சட்டை விஷயம் நடந்தது. சித்தப்பா கடைக்குப் போகும்போது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான் போடுவார். கசங்கிய சட்டையோடு போனால் கசங்கிய விலை சொல்வார்கள் என்பார். அன்று ரோடு வேலை நடந்த புழுதியில் போயிருக்கிறார். பெல்ட்டில் படிந்த அழுக்கு, தோளிலிருந்து இடுப்பு வரை சட்டையில் கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டது. கவனிக்காமல் கடைக்குள் நுழைந்துவிட்டார். அங்கே எல்லோர் முன்னாலும் முதலாளி, "கோடு நல்லா இருக்குதே ஏகாம்பரம். அடுத்த லாட்டுல புடவைக்கும் போட்டுனு வந்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் அதை நடித்துக்காட்டிச் சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு பெல்ட்டை விட்டுவிட்டார். மணி விடவில்லை. கண்ணமங்கலம் வரை அடித்துக்கொண்டே வருமாம். "பேஜாரு புடிச்சது. வூட்ல உங்க சித்தி ஒருத்தி பத்தலைன்னு இதுல ஒருத்தி" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். கடைசியில் தறிக்குச் சாமான் செய்து கொடுக்கும் ஆசாரியிடம் போனார். அவர் பெல்ட் நாக்கின் அளவுக்கு ஒரு இரும்புத் தகட்டை அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். அதைப் பூட்டில் செருகியதும் பெல்ட் போட்டுவிட்டதாக நினைத்து வண்டி வாயை மூடிக்கொண்டது.

வெறும் தகடு பார்க்க நன்றாக இல்லை என்று சித்தப்பா அதைச் சித்தியிடம் கொடுத்தார். மல்லிகா சித்தி புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டுபவர். மிச்சமிருந்த அரக்குப் பட்டு நூலில் கொஞ்சம் ஜரிகையும் சேர்த்து, தகட்டின் நுனியில் ஒரு குஞ்சம் கட்டினார். அவ்வளவு அழகாக இருந்தது. வண்டி குலுங்கும்போது சீட்டோரத்தில் அது ஆடும். பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கார் வைத்திருந்தவர்களுக்குச் சித்தப்பாவே ஆசாரியிடம் தகடு செய்து வாங்கி, சித்தி கையால் குஞ்சம் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொருவர் வண்டிக்கும் ஒரு நிறம். காசு வாங்கவில்லை.

ஒருமுறை நான் கேட்டேன், எனக்கு மட்டும் ஏன் பெல்ட், உங்களுக்கு வேண்டாமா என்று. "எனக்குப் புடிச்சிக்க ஸ்டியரிங் இருக்குது. உனக்கு இன்னா இருக்குது?" என்றார். அது எனக்குச் சரியான பதிலாகத்தான் தோன்றியது.

அன்று குறுக்கே ஒரு கன்றுக்குட்டி வந்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பியிருக்கிறார். வேகம் அதிகம் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வண்டிக்கு முன்பக்கம் மட்டும்தான் நசுங்கியது. கன்றுக்குட்டி ஓடிவிட்டது. முன்சீட்டில் பெல்ட்டுக்குள் இருந்த புடவை மூட்டை சாயக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பிரித்தபோது ஒரு மடிப்பும் கலைந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ, "பெல்ட் போட்டிருந்தா நடந்தே வந்திருப்பாரு" என்றார். அப்பா அவர் கையை அழுத்திப் பிடித்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. விதி என்றார்கள். அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குப் புரிகிறது. அந்தக் குஞ்சத்தைக் கட்டிய சித்தி, அழுது ஓய்ந்து, வராந்தாவை ஒட்டிய அறையில் படுத்திருந்தார்.

முந்தாநாள் வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வந்தது. தகடு பூட்டிலேயே இருந்தது. எடுத்துவிடட்டுமா என்று மெக்கானிக் கேட்டதற்கு அப்பா, "வேணாங்க. தம்பி வெச்சது, அப்படியே இருக்கட்டும்" என்றார். இனி வேலூருக்கு அப்பாதான் போகவேண்டும். நாளை படத்திறப்பு முடிந்து, சாப்பாடு ஆனதும், மதியமே கிளம்புகிறார். மூட்டை கட்டியாகிவிட்டது.

இரண்டு நாட்களாக எனக்குக் கண்ணை மூடினால் அந்த மணிதான் கேட்கிறது. கனவில் வெள்ளிநிற வண்டி தண்ணீருக்குள் போவதுபோல் மெதுவாகப் போகிறது. ஓட்டுபவரின் பின்தலை மட்டும் தெரிகிறது. சித்தப்பாவா அப்பாவா என்று தெரிவதில்லை. நான் கூப்பிடுகிறேன். சத்தம் வருவதில்லை.

இன்று சாயங்காலம் அப்பா குளிக்கப் போனபோது தகட்டை உருவி எடுத்துக்கொண்டு சித்தியிடம் போனேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் போவது? சித்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தகட்டை மடியில் வைத்து, நகத்தால் முடிச்சைத் தேடினார். கத்திரி எடுத்து வரவா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். நூல் அவர் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டில் விளக்கேற்றிவிட்டார்கள், அவர் நிமிரவில்லை.

கடைசியில் சொன்னார்: "எல்லாரும் விதின்றாங்க. எனக்கு விதி மேல கோவம் வரல பாப்பா. இந்த முடிச்சி மேலதான் வருது." பிறகு வெறும் தகட்டை என் கையில் வைத்து மூடினார். "எனக்காகப் பாத்து எதையும் வுட்டுடாத. நாளைக்குப் படிச்சா முழுசா படி."

அதனால் நாளை இதைத்தான் படிப்பேன். அப்பா, உங்களிடம் காட்டியதைப் படிக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை. திட்டுவதற்கு நீங்கள் இருக்கவேண்டும். தகடு சித்தப்பாவின் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும். அவரிடம் தகடு வாங்கியவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுடையதையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வையுங்கள். அவர் பிரியமாகக் கொடுத்தார். அதே பிரியத்தோடு திருப்பிக் கொடுங்கள்.

சித்தப்பா, நாளை மதியம் நம் தெருவில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். எல்லாவற்றிலும் மணி அடிக்கும். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். "வந்துட்டேன் தாயி" என்று உங்களைப்போல் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அப்பாவின் கை தோளுக்கு மேல் போய்ப் பெல்ட்டை இழுக்கும். ஒவ்வொரு வண்டியிலும் மணி நிற்கும். கடைசி மணியும் நின்ற பிறகு, என் மார்புக்குக் குறுக்கே நீட்டிய உங்கள் கையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். போய் வாருங்கள், சித்தப்பா.