முதல் போணியும் இரண்டாம் கையெழுத்தும்

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், கலியாணசுந்தரம் காஜா பெராங் தெருவில் பணம் மாற்றும் கடை போட்டார். அதுவரை ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர். மனைவி அஞ்சலையின் காப்புகள்தான் கடையாக மாறின.

வெளிநாட்டுப் பயணிகள் பயணக் காசோலை கொண்டுவருவார்கள். அதை வாங்கிக்கொண்டு உள்ளூர் வெள்ளி நோட்டாகக் கொடுப்பார். பிறகு பேங்கில் கட்டுவார். அந்தக் காசோலையில் பயணி தம் ஊர் பேங்கிலேயே ஒரு கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டாவதைப் பணம் கொடுப்பவர் கண்ணெதிரில் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் செல்லும்.

ஒரு முறை தம் எதிரில் கையெழுத்துப் போடாத ஒரு காசோலையை வாங்கிவிட்டார். திருட்டுக் காசோலை. பேங்க் திருப்பிவிட்டது. “இன்னொரு தடவை இப்படி வந்தால் உங்கள் கடைக் காசோலையையே எடுக்க மாட்டோம்” என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்படி ஆனால் மறுபடி துணி கிழிக்கத்தான் போக வேண்டும்.

அடுத்த மாதம் ஒருநாள் காலை கடையைத் திறந்து, பின்சுவரில் மாட்டியிருந்த லட்சுமி படத்துக்குச் சூடம் காட்டினார். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு திரும்பினால், மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் பயணக் காசோலை ஒன்றை மேசைமேல் வைத்துப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“இந்தாரும் தம்பி. நீர் கும்பிட்டு முடிக்குமட்டும் சும்மா நிக்காமல் கையெழுத்தை வைச்சுப்போட்டன்.”

கலியாணசுந்தரத்துக்கு அன்றைய முதல் போணி. அதைத் திருப்பி அனுப்பக் கை வரவில்லை. வாங்கவும் கை வரவில்லை.

“ஐயா, நான் பாக்கலியே.”

“நான் நல்லையா. யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூட வாத்தியார். இஞ்சை தெங்கேராவிலை இருக்கிற மகளைப் பாக்க வந்தனான். லட்சுமிக்கு முன்னாலை எல்லோ கையெழுத்து வைச்சனான்! உம்மட கண்ணை விட அது குறைச்சலோ?”

“சாமி பாத்துச்சுங்க ஐயா. ஆனா பேங்குல சாமியக் கேக்க மாட்டாங்க, என்னையத்தான் கேப்பாங்க. கோவிச்சுக்காம, பின்பக்கத்துல இன்னொரு தடவ போடுங்க.”

“என்னைக் கள்ளன் எண்டுறீரோ?” நல்லையா பேனா மூடியைப் பிடுங்கித் திறந்தார். பின்பக்கத்தில் கோபமாகக் கிறுக்கினார். கடைசி எழுத்தின் வால் காசோலையின் ஓரம்வரை ஓடியது. முன்பக்கத்து இரண்டு கையெழுத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.



கலியாணசுந்தரம் எதிர்ச்சாரிச் சீனன் கடைக்குக் குரல் கொடுத்தார். பால் சேர்க்காத இரண்டு கோப்பி ஓ வந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“குடிங்க ஐயா. பேரப்புள்ளைங்க எத்தன?”

“ஒண்டுதான். பெடியன். என்னைக் கண்டதும் ஓடி ஒளிக்கிறான்.”

“மீசையப் பாத்துப் பயந்திருப்பான்.”

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பி பாதி இறங்கியது. அவரே காசோலையை இழுத்து, பின்பக்கத்திலேயே அந்தக் கிறுக்கலுக்குக் கீழே இன்னொரு முறை கையெழுத்துப் போட்டார், வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுபோல நிதானமாக. கலியாணசுந்தரம் கண் கொட்டாமல் பார்த்தார். சுழியும் வளைவும் முன்பக்கத்தில் இருந்தபடியே வந்தன. வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்.

காசோலை செல்லும் என்று பேங்கிலிருந்து தகவல் வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. வந்த அன்று அஞ்சலை சொன்னாள்: “இனிமே கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கும்பிடுங்க. லட்சுமி ஒண்ணும் வெக்கப்பட மாட்டா.”

அவர் படத்தையே இடம் மாற்றிவிட்டார். இப்போது லட்சுமி வாசலுக்கு மேலே உள்பக்கமாக இருக்கிறாள். காலையில் அவர் மேசைக்குப் பின்னால் நின்று, கண்ணைத் திறந்தபடி, வாசலைப் பார்த்துக் கைகூப்புவார். உள்ளே வருகிறவர்கள் தங்களுக்குத்தான் அந்தக் கும்பிடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஊர் திரும்புமுன் ஒரு காலை, கும்பிடுகிற நேரத்தில் நல்லையா மறுபடி வந்தார். பேனாவைக் கையில் எடுக்காமலே வாசலில் நின்றார்.

“என்ன தம்பி, போன முறை கள்ளன், இந்த முறை கும்பிடோ?”

“உள்ள வாங்க ஐயா, போணி ஆகட்டும்” என்றார் கலியாணசுந்தரம்.