கெலிஓயா வரை ஓடிய வண்டி

காலை 7.10. பேராதனை வளாகத்து வாசலில் ஒரு லீற்றர் பெற்றோலை அளந்து ஊற்றிக்கொண்டு புறப்பட்டோம். பழைய காரின் கூட்டுக்குள் சின்ன இயந்திரமும் மின்மோட்டாரும் பற்றரிகளும் வைத்து நாங்கள் மூன்று மாணவர்கள் கட்டிய வண்டி. ஒரு லீற்றர் எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று பார்ப்பதுதான் பயணம். ஓட்டியவன் யாழ்ப்பாணத்துச் சிவரூபன். பக்கத்தில் சிங்களவன் நிமல். பின்னால், கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த தமிழன், நான்.

7.25. கம்பளை வீதி. சரிவில் இயந்திரத்தை நிறுத்தினான் சிவா. வண்டி சத்தமே இல்லாமல் மோட்டாரில் ஓடியது. "பின்னால இருந்து நித்திரை கொள்ளாதை, மச்சான். அளவைப் பார்," என்றான் என்னிடம். அவனை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

7.40. கெலிஓயாவுக்குச் சற்று முன், யுத்த காலத்துச் சோதனைச் சாவடி. சிப்பாய் மூடியைத் திறக்கச் சொன்னான். உள்ளே பற்றரிகள், கலர் கலராக வயர்கள், நேரம் குறிக்க ஒரு மணிக்கூடு. யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டான். எங்களுக்குள் ஒரு வழக்கம்: வேலை யாருடையதோ, பெயரும் அவனுக்கே. நிமல் சிவாவின் தோளில் தட்டி, வயரிங் முழுக்க இவன் மூளை, எனக்கு ஒன்றும் விளங்காது என்றான். பாவி, நண்பனைப் புகழ்ந்தான். அந்த வயர்களும் மணிக்கூடும் சிப்பாய்க்கு வெடிகுண்டாகத்தான் தெரியும் என்று எனக்கு விளங்கியது.

சிவாவின் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் அவனை இறக்கினார்கள். நானும்தான் செய்தேன், என்னையும் கொண்டுபோங்கள் என்று நிமல் மன்றாடினான். யாரும் காதில் வாங்கவில்லை. சிப்பாய் என் பக்கம் திரும்பி, இவனைத் தெரியுமா என்றான். என் சிங்களத்தில் தமிழ் வாடை கிடையாது. தெரியாது, வழியில் ஏறினேன் என்றேன். சிவாவுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் இது விளங்கும் அளவுக்குத் தெரியும்.

10.00. சிப்பாய்கள் வயர்களைப் பிடுங்கிப் பார்த்திருந்ததால், வாடகை வான் ஒன்றின் பின்னால் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்தோம். முந்நூறு ரூபாய். முதலிலேயே நான் செய்ததென்று சொல்லியிருக்கலாமே என்று வழிநெடுக நிமல் அழுதான். அவனை நான் தேற்றினேன், வெட்கமில்லாமல்.

பதினொரு மாதம் கழித்துத்தான் சிவாவை விட்டார்கள். வெளிநாடு போகுமுன் ஒருநாள் வளாகத்துக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். நிமலின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பற்றி வெகுநேரம் விசாரித்தான். போகும்போது என்னிடம் வந்தான்.

"யோசிக்காதை. உன்ர இடத்தில நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

சொல்லியிருக்க மாட்டான். எனக்குத் தெரியும்.