மெயின் கேம் இல்லாத சிடி

பழைய கேம் சிடியின் பெட்டியைத் திறந்தால் ஈரத்துணியும் எலி மருந்தும் கலந்தாற்போல ஒரு வாடை வரும். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தக் கடை முழுக்க அதே வாடைதான். எந்தப் பழைய கேம் வாங்கத் தகும், எது வெறும் "டப்பா" என்று தீர்ப்புச் சொல்வதில், எங்கள் சொந்தத்தில் பெரியப்பா மகன் கௌதம் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவன் அறை நிறைய சிடிகள் இருந்தன.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்கு நான் பள்ளியில் படித்தபோது ஒரு கோடையில்தான் கம்ப்யூட்டர் வந்தது. வடக்கே ஊர் ஊராகப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்த அப்பா, முதலாளி ஆபீசில் கழித்துவிட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். கூடவே எனக்கென்று ஒரு கேமும் வாங்கித்தர ஆசைப்பட்டு, என்னையும் அண்ணனையும் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாது சாமி. என்ற புள்ளைக்கு எது நல்லதோ நீயே பாத்து எடு" என்றார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. கோட்டைப் படம் போட்ட ஒரு பெட்டியை உருவி, "இதுதான் சித்தப்பா, உட்டா மறுபடி கெடைக்காது" என்றான். அப்பா அதைத் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

வீட்டில் போட்டால் அது ஓடவில்லை. மெயின் கேமை முதலில் ஏற்று என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. மெயின் கேமுக்குக் கூடுதல் பாகமாக வரும், அண்ணன் "வால்" என்று அழைக்கும் எக்ஸ்பான்ஷன் சிடி அது என்றோ, அது தனியாக ஓடாது என்றோ எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனார். கடைக்காரர் பெட்டியைத் தொடவே இல்லை.

"மெயின் கேம் வேணும்னு அட்டையிலேயே எழுதியிருக்கே, படிச்சுப் பாத்து வாங்க மாட்டீங்களா?"

இங்கிலீஷ் தெரியாத அப்பா, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, படிப்பவர்போல அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமாங்க, எழுதித்தானுங்க இருக்குது. நாந்தேன் கவனிக்கலீங்க" என்றார்.

அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட பெரியப்பா, "பூமியில ஓட்டை போடறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது" என்று சிரித்தார். அதற்குள் அண்ணன் என் கையிலிருந்து சிடியை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டான். மெயின் கேம் அவனிடம் ஏற்கெனவே இருந்ததால் கோட்டை உடனே திறந்துகொண்டது. அவன் எதற்காக அந்தப் பெட்டியை எடுத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் விளையாட வேண்டும் என்று கேட்டதற்கு, "உனக்கு வெளாடத் தெரியாது, பாரு போதும்" என்றான்.

வாசல் நிலையைப் பிடித்து நின்றிருந்த அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா சாமி, அண்ணன் ஊட்டுல ஓடுது. வீணாப் போகலை." சிடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அந்த வாரமே அவர் ரிக்குக்குக் கிளம்பிவிட்டார்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் சிடி போட வாயே இல்லை. அதே கேமை அதன் வால்களோடு சேர்த்து இணையத்தில் ஒரே கட்டாகத் தள்ளுபடியில் விற்றபோது நான் வாங்கினேன். மெயின் கேம் போதும், வால் வாங்கத் தகாது என்று பலர் எழுதியிருந்தார்கள். விளையாடிப் பார்த்தேன், உண்மைதான்.

போன ஆவணியில் மோகனூரில் ஒரு கல்யாணப் பந்தியில், "சித்தப்பா வாலை வாங்கிட்டு மாட்டைத் தேடுனாரு" என்று அண்ணன் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தான். ரிக் சத்தத்தில் காது மந்தமாகிப்போன அப்பா, பாதி கேட்டும் கேட்காமலும் கூடவே சிரித்தார்.

"கௌதமு அன்னைக்குச் சரியானதைத்தான் காட்டியிருப்பான் சாமி. நாந்தேன் மாத்தி எடுத்துட்டேன்."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். பரிமாற வந்த பையனிடம், அப்பா இலைக்கு ரசம் ஊற்றச் சொன்னேன்.