நான் கொடுக்காத சத்தம்

கொதித்து இறக்கிய சாம்பாரின் ஆவி விடியற்காலையில் ஒரு சந்துக்குள் நுழைந்தால், பெருங்காயமும் முருங்கைக்காயும் கலந்த அந்த வாசனை ஆளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். எங்கள் தாராவிச் சந்தில் அந்த வாசனைக்கும் முன்னால் போனது என் குரல். அம்மா தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் சாம்பார்க் குண்டானை ஏற்றி, ஒரு கையில் இட்லிக் கூடையுடன் வருவாள்; எதிரில் ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்தச் சந்தில், தலையில் சுமை இருக்கும்போது அவளுக்குக் காலடி தெரியாது என்பதால், பத்து வயதுப் பெண்ணான நான் நாலடி முன்னால் நடந்துகொண்டே "சூடு வருது, பாஜூ, பாஜூ" என்று கத்த வேண்டும். "பாஜூ" என்றால் ஒதுங்கு என்று பம்பாயில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் வாசலில் குந்திப் பாத்திரம் துலக்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படியே முதுகைச் சுவரோடு சேர்த்துக்கொண்டு, குண்டான் போன பிறகுதான் எழுவார்கள். "ஒன் வாய்தாம்ட்டி எனக்குக் கண்ணு" என்று அம்மா சொல்லுவாள்.

எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான், நாள் கணக்கில் எழுதுகிறேன். ஆனாலும் யார் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறவள் நான். அந்தக் கர்வம் சின்னதிலேயே உண்டு. இட்லி விற்று முடித்ததும் அம்மா மாதுங்காவில் ஓர் ஆபீஸ்காரர் வீட்டில் பாத்திரம் துலக்கப் போவாள், நானும் கூடப் போவேன். அந்த வீட்டில் என் வயதுப் பெண் சுதா இருந்தாள், அவளிடம் படக்கதைப் புத்தகங்கள் இருந்தன. அடி விழுகிற இடத்தில் நட்சத்திரம் மாதிரி வரைந்து அதற்குள் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை போட்டிருக்கும். "பேங்", "கிராஷ்", "பூம்" என்று விரல் வைத்துப் படித்துக் காட்டுவாள். அவளுக்குக் கால் இடித்தால் "அவுச்", அதிசயப்பட்டால் "வாவ்", பயந்தால் "மை காட்", மாடிப்படியில் ஓடி இறங்கும்போது எதிரில் வருகிறவர்களுக்கு "வாட்ச் அவுட்". எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது "ஊப்ஸ்". கை தவறிக் கோப்பை உடைந்தால் அவள் "ஊப்ஸ்" என்பாள், அவள் அம்மா சிரித்தபடி துடைப்பத்தை எடுத்து வருவாள். எங்கள் வீட்டில் உடைந்தால் முதுகில் ஒன்று விழும். தப்பைச் செய்துவிட்டு ஒரு சின்ன வார்த்தையால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்பதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தைகளைச் சந்துக்குக் கொண்டுவந்தேன். "எம்மா", "யாத்தே" எல்லாம் எனக்கு இளப்பமாகிவிட்டன. எதிர்வீட்டுப் பேச்சி என் சேக்காளி, கூடவே திரிகிற சினேகிதி. அவளுக்கும் "அவுச்" சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். "அடிபட்டா எம்மான்னுதாம்ட்டி வருது. யோசிச்சிட்டா கத்த முடியும்?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் இட்லி விற்க மாதுங்காவரை போனபோது, நான் "சூடு வருது" என்று கத்திக்கொண்டே அவர்கள் தெருமுனைக்கு வந்ததைச் சுதா பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறாள். "மீன்காரி மாதிரின்னா கத்தறே நீ" என்று சொல்லி, இடுப்பில் கை வைத்து என்னைப் போலவே கத்தியும் காட்டினாள். விளையாட்டாகத்தான் செய்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை நான் கத்தவில்லை. முதுகை நிமிர்த்தி, சுதா படி இறங்குகிற தோரணையில், "வாட்ச் அவுட், வாட்ச் அவுட்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தேன். பேச்சி தன் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். அவளைக் கடந்து போனேன். எனக்குப் பின்னால் அம்மா வந்து சேர்ந்த நேரம் பார்த்து, கழுவிய குடத்தைத் தூக்கிக்கொண்டு பேச்சி எழுந்தாள். குண்டான் கவிழ்ந்தபோது கேட்ட சத்தம் சுதாவின் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேச்சி "எம்மா" என்றாள். திரும்பிப் பார்த்த என் வாயில் வந்தது "ஊப்ஸ்".

பேச்சியின் கழுத்திலும் இடது தோளிலும் இட்லி மாவை அள்ளி அப்பி, அவளைத் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அம்மா என் தோளைப் பிடித்து, "சத்தங் குடுத்தியாட்டி?" என்று கேட்டாள். என் குரல் தினமும் அவள் காதில் விழுகிற குரல். அன்றைக்குக் கேட்டதா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. "குடுத்தேம்மா. அவதான் கேக்கல" என்றேன். அம்மா நம்பினாள், நம்பவும் வேண்டியிருந்தது. சந்தில் இரண்டு பேர், தாங்களும் என் சத்தத்தைக் கேட்டதாகவே சொன்னார்கள். கட்டோடு திரும்பி வந்த பேச்சியை அவள் அம்மா, "ஊருக்கெல்லாம் கேட்டது ஒனக்குக் கேக்கலியா, காதுல என்னத்தட்டி அடச்சு வச்சிருந்த?" என்று ஏசினாள். பேச்சி என்னைப் பார்த்தாள், சந்தேகப்பட்டு அல்ல, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அன்றிலிருந்து அவள் பெயர் "செவிடி". பெண் பார்க்க வந்தபோதும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய் நின்றது. மாப்பிள்ளையின் அத்தை, பேச்சி காபி கொடுத்துவிட்டுத் திரும்புகிற நேரம் பார்த்து, பின்னாலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாள். தூக்கிவாரிப் போட, பேச்சி சட்டென்று திரும்பினாள். "கேக்குது, கேக்குது" என்று அத்தை சொல்ல, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற நானும் சிரித்தேன். சொல்வதற்கு அது ஒரு நல்ல நேரம். சொல்லவில்லை.

சந்து இப்போது இல்லை. இடித்துக் கட்டிய கட்டடத்தில் எனக்கு ஏழாவது மாடி, பேச்சிக்கு மூன்றாவது. அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது; இட்லி ஸ்கூட்டரில் போகிறது; ஒதுங்கச் சொல்லிக் கத்தவும் ஆளில்லை, கேட்டு ஒதுங்கச் சுவரும் இல்லை. போன வாரம் லிஃப்டில் என் காலை மிதித்த காலேஜ் பெண், போனிலிருந்து தலை தூக்காமல் "ஊப்ஸ், சாரி ஆன்ட்டி" என்றாள். எனக்குக் கால் வலிக்கவில்லை. அந்த வார்த்தைதான் சுட்டது.

லிஃப்ட் தன் மாடியில் நிற்பது அடுக்களைக்குள்ளிருந்தே கேட்கும் பேச்சிக்கு, அவ்வளவு நல்ல காது. ஆனாலும் யார் எது சொன்னாலும், "இன்னொரு தரம் சொல்லு தாயி, நாந்தான் செவிடியாச்சே" என்கிறாள். பத்தடி நடந்தால் ஒருமுறை திரும்பிப் பின்னால் பார்க்கிறாள்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பேச்சிக்குப் படிக்கத் தெரியாது, அவள் பிள்ளைகள் இந்தியில் படித்தவர்கள். இது அச்சில் வந்தாலும் அந்த வீட்டில் ஒருவரும் படிக்கப்போவதில்லை. அது தெரிந்த தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன் போல. அன்றைக்கு வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு அவளைக் கடந்து போனேனே, இதுவும் அப்படித்தான்.

நாலு மாடி இறங்கினால் அவள் வீடு. இன்னும் இறங்கவில்லை.